கொடியில் கை வைக்கும் நாள்
கரிசல் வீட்டுத் தோட்டமும் காய் பறிக்கும் பக்குவமும்

பழைய கேள்வி, பல பதில்கள்

சுரை, பீர்க்கு, புடல், பாகல், வெள்ளரி ஆகிய கொடிகளில் காயை எந்த நாளில் பறிப்பது? வீட்டுப் பெரியவர்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. காய்கறிக் கமிஷன் கடையில் வேறொரு பதில். வேளாண்மைக் கையேடு நாள் கணக்குச் சொல்கிறது. விதைக்காகக் காய் விடுகிறவர் பறிக்கவே வேண்டாம் என்கிறார். சில ஆண்டுகளாக விதைப் பொட்டலத்தில் வீடு தேடி வரும் சுக்கினிக்கும் இதே கேள்விதான். அதற்கான பதில் பொட்டலத்தின் பின்பக்கத்திலேயே அச்சாகி வந்துவிடுகிறது. அந்தப் பதில் எந்த ஊர் வெயிலையும் எந்த ஊர்த் தண்ணீரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது மட்டும் அதில் இருப்பதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரம் பெரும்பாலும் கரிசலும் செவலுமான வானம்பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது சில நாள்தான். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே வீட்டுத் தோட்டம் என்றால் வேலி போட்ட பாத்திகள் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் ஓடும் இடத்தில் ஊன்றிய நாலு விதை. அது ஓட்டுக் கூரையிலோ வைக்கோல் படப்பிலோ சீமைக்கருவேல வேலியிலோ ஏறிக்கொள்ளும். பந்தல் போட்டால் அது வசதியான வீடு. இப்படிப் படரும் கொடியில் காய் இலைக்குள் ஒளிந்திருக்கும். கண்ணில் படும்போது பல நேரம் முற்றியிருக்கும். எப்போது பறிப்பது என்ற கேள்வி இந்த மண்ணில் கூடுதல் கனம் பெறுவது இதனால்தான்.

செடி அடையாளம் காட்டாத பருவம்

பழமாகப் பறிப்பவற்றில் செடியே தகவல் சொல்லிவிடுகிறது. முலாம்பழம் காம்பை விட்டுக் கழன்று வரும். தர்ப்பூசணியில் காம்புக்குப் பக்கத்திலுள்ள பற்றுக்கம்பி காய்ந்து சுருளும். சாம்பல் பூசணியின் மேல் வெண்பொடி பூக்கும். பரங்கியின் காம்பு கட்டையாகும். இவை எல்லாம் உள்ளே விதை முற்றிவிட்டது என்பதற்கான அடையாளங்கள். சுரையையும் பீர்க்கையும் சுக்கினியையும் நாம் அதற்கு வெகு முன்பே பறிக்கிறோம். விதை உருவாகிக்கொண்டிருக்கும் நடுவழியில் காயை எடுப்பதால், செடியிடமிருந்து தெளிவான அடையாளம் எதுவும் கிடைப்பதில்லை. மனிதர்கள் தாங்களாகவே ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதில்கள் பெருகியதன் காரணம் அது.

பிஞ்சாகப் பறிப்பது முதலில் வந்த வழக்கமும் இல்லை. சுக்கினி சேர்ந்த குக்கர்பிட்டா பெப்போ இனம் மெக்சிகோவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே வளர்ப்புப் பயிராகிவிட்டது என்பதற்கான தொல்லியல் சான்றை புரூஸ் ஸ்மித் 1997-இல் வெளியிட்டார். அதன் காட்டு உறவுகளின் சதை கடும் கசப்பு. ஆகவே தொடக்கத்தில் மனிதர்கள் அதை விதைக்காகவும், ஓட்டைக் கலமாகப் பயன்படுத்தவும் வளர்த்திருக்கக் கூடும் என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. அதாவது முதல் பதில், முற்றவிட்டுப் பறிப்பது. கசப்பில்லாத செடிகளைத் தேர்ந்து தேர்ந்து விதைத்த பிறகுதான் பிஞ்சு சமையலுக்கு வந்திருக்க முடியும். நீண்டு உருண்ட இன்றைய சுக்கினி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் மிலான் வட்டாரத்தில் உருவெடுத்ததாகக் கருதப்படுகிறது. பூ உதிர்வதற்கு முன்பேகூடப் பறித்துவிடும் அளவுக்கு இளம்பிஞ்சை விரும்பிய சமையல் அந்தப் பக்கத்துச் சமையல்.

நம் ஊர்ச் சுரைக்கு இரண்டு வாழ்வும் தொடர்ந்து இருந்துவந்திருக்கிறது. பிஞ்சாக இருந்தால் கூட்டு. முற்றிக் காய்ந்தால் விதை போட்டு வைக்கும் குடுக்கை.

நாள் கணக்கு

பூ விரிந்ததிலிருந்து எண்ணுவது ஆய்வு நிலையங்களிலிருந்து வந்த வழி. சுக்கினிக்கு 4 முதல் 7 நாள், பீர்க்குக்கு ஒரு வாரத்தை ஒட்டி, சுரைக்கு 10 முதல் 15 நாள், புடலுக்கும் பாகலுக்கும் இரண்டு வாரத்துக்குச் சற்று முன்பின்னாக என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விதைத்த நாளிலிருந்து எண்ணுவதைவிட இது மேல். விதைத்த நாளிலிருந்து எண்ணினால் முளைப்பு, கொடி ஓட்டம், பெண்பூ வரும் தாமதம் எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும்.

இந்தக் கணக்கைப் பின்பற்ற விரும்புகிறவர் பூவைப் பார்க்கும் நேரத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாகலும் பரங்கியும் சுக்கினியும் விடியற்காலையில் விரியும். பீர்க்கம்பூ மாலையில் விரியும். சுரைப்பூவும் பொழுது சாயும் நேரத்துப் பூ, புடலம்பூ இரவுக்குரியது. காலையில் மட்டும் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறவர் பீர்க்கின் பெண்பூவை விரிந்த நிலையில் காணாமலே போகலாம். பெண்பூவின் அடியில் விரல்நுனி அளவுக்குக் காயின் வடிவம் முன்கூட்டியே இருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். பூ விரிந்த அன்று காம்பில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டால், பிறகு எந்தக் காய் எத்தனை நாளுடையது என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆய்வு நிலையங்களில் பூவுக்கு அட்டை கட்டுவதும் இதே வேலைதான்.

கணக்கின் பலவீனம் வெப்பத்தில் இருக்கிறது. செடிக்கு நாள் என்பது கடிகார நாள் அன்று. ஒரு பயிர் ஒரு பருவத்தை எட்ட இவ்வளவு வெப்பம் சேர வேண்டும் என்ற எண்ணத்தை 1735-இலேயே பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் முன்வைத்துவிட்டார். இன்றைய முறைப்படி, அன்றாடச் சராசரி வெப்பநிலையிலிருந்து பயிர் வளரத் தொடங்கும் அடிநிலை வெப்பத்தைக் கழித்து, மிச்சத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போவார்கள். கொடிக்காய்களுக்கு அடிநிலையைச் சுமார் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் சராசரி 25 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 15 சேரும். 7 நாளில் 105. சித்திரையில் சராசரி 32 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 22. அதே 105 ஐந்து நாளுக்குள் சேர்ந்துவிடும். மார்கழியில் ஏழாம் நாள் பிஞ்சாக இருந்த பீர்க்கு, சித்திரையில் ஏழாம் நாள் நார் கட்டியிருக்கும். இது விளக்கத்துக்கான கணக்குதான். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் வளர்ச்சி வேகம் கூடாமல் தடைபடவும் செய்யும். இருந்தாலும், கையேட்டிலுள்ள ஒற்றை எண்ணைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அது காட்டுகிறது.

நீளமும் நிறமும்

சந்தை வேறு விதமாகக் கேட்கிறது. கூடையில் அடுக்கத் தோதான நீளம், ஒரே சீரான நிறம், கீறல் இல்லாத தோல். சுக்கினிப் பொட்டலங்கள் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் பறிக்கச் சொல்வது இந்த வழியில் வந்த அறிவுரை. எளிதான அளவுகோல், ஒரு சாண் பார்த்தால் போதும்.

இதற்கு முதல் தடை ரகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் புடல் ரகங்களில் கோ 1 ஐந்தரை அடி நீளத்தை ஒட்டித் தொங்கும். கோ 2 ஒரு அடியோடு நின்றுவிடும். பாகலில் மதுரை 1 ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீளும். மிதிபாகல் கட்டைவிரல் அளவைத் தாண்டாது. எந்த விதை என்று தெரியாமல் பக்கத்து வீட்டில் வாங்கி ஊன்றியவருக்கு நீளக் கணக்கு உதவாது. காய் வளையாமல் நேராக வளரட்டும் என்று புடலின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் ஊர் வழக்கம். அதனால் வடிவம் சீராகலாம். பக்குவம் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது தடை தண்ணீர். கரிசலுக்கு இதுவே முதன்மையானது என்று கருதுகிறேன். காய் பருப்பது அதன் உயிரணுக்கள் நீரை வாங்கி விரிவதால். விதை முற்றுவதோ பெரும்பாலும் வெப்பத்தையும் கடந்த நாட்களையும் ஒட்டி நடக்கிறது. பாசனத் தோட்டத்தில் இரண்டும் சேர்ந்தே நடப்பதால் நீளத்தை வைத்து வயதைச் சொல்லிவிட முடிகிறது. தண்ணீர் குறைந்த கொடியில் இரண்டும் பிரிந்துவிடும். காய் சிறுத்தே நிற்க, உள்ளே விதை தன் போக்கில் கெட்டியாகும். ‘இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்’ என்று விட்டுவைத்த அரைச்சாண் சுரையை நாலு நாள் கழித்து அறுத்தால் பல்லில் கடிபடும் விதை இருப்பது இதனால்தான். பொட்டலம் சொல்லும் நீளத்துக்காக இங்கே காத்திருப்பவர் ஏமாறுவதற்கே வாய்ப்பு அதிகம். சிறுத்த காய் இளங்காயாகத்தான் இருக்கும் என்ற அனுமானம் வறட்சிக்குப் பொருந்துவதில்லை.

நிறத்தில் வேறொரு மயக்கம். காய் வெளுத்தும் மஞ்சள் பூத்தும் போனால் பழுக்கிறது என்று தோன்றும். மகரந்தம் சேராத பிஞ்சும் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கும். பழ ஈ முட்டையிட்ட காயும் ஒரு பக்கம் கோணி, துளையைச் சுற்றிப் பழுத்துக் காட்டும். பிஞ்சைச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டினால் வெம்பிவிடும் என்று சிறுபிள்ளைகளைத் தடுப்பதும், பந்தலில் திருஷ்டிக்குக் கரும்புள்ளி செம்புள்ளி வைத்த சட்டியைக் கவிழ்ப்பதும், காரணம் தெரியாமல் பிஞ்சு கருகியதைக் கண்ட பல தலைமுறைகளின் கவலையிலிருந்து பிறந்தவையாக இருக்கலாம். மகரந்தம் சேராமை, ஈ, வெப்பம் ஆகிய மூன்றும் அந்தக் கருகலில் பெரும்பகுதிக்குப் போதுமான விளக்கம்.

விரலும் நகமும்

தொட்டுப் பார்க்கும் வழி அடுக்களையில் பிறந்தது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. சுரையில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவார்கள். நகம் தடையில்லாமல் இறங்கி ஈரம் கசிந்தால் இளசு, வழுக்கினால் முற்றல். இளஞ்சுரையின் தோலில் மெல்லிய முடி அடர்ந்திருக்கும். காய் முற்ற முற்ற அது உதிர்ந்து தோல் பளபளக்கும். பீர்க்கின் வரம்புகள் இளமையில் விரலுக்கு வளைந்து கொடுக்கும். நார் கட்டத் தொடங்கினால் விறைத்துக்கொள்ளும். கையில் தூக்கினால், நார் கட்டிய பீர்க்கு அதன் பருமனுக்கு லேசாகத் தெரியும். புடலை நடுவில் மெதுவாக அழுத்தினால் பிஞ்சு உடனே எழும்பும். முற்றல் உள்ளீடற்றதுபோல் அமுங்கும். சுக்கினியின் தோலும் பறிக்கும் பருவத்தில் நகத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும். பளபளப்பு மங்கத் தொடங்கினால் பருவம் தாண்டுகிறது என்று பொருள்.

இந்த வழியின் வலிமை, அது ரகத்தையும் நாளையும் தண்ணீரையும் கேட்பதில்லை என்பது. காயின் இப்போதைய நிலையையே நேராகக் கேட்கிறது. சிறுத்த முற்றலையும் பருத்த பிஞ்சையும் பிரித்தறிய இதைவிட நம்பகமான எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

குறை இரண்டு. நகம் பட்ட இடத்தில் பிசின் வடிந்து, பூஞ்சணமும் ஈயும் நுழைய வழியாகும். சோதித்த காயை அன்றே சமைத்துவிட வேண்டும், கொடியில் விட்டுவைக்கக் கூடாது. சந்தையில் நகத்தழும்பு விழுந்த சுரை விலை போகாது. கடைக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு. அடுத்து, விரல் சொல்வதைச் சொல்லித்தர முடியவில்லை. இருபது வருடம் காய் நறுக்கிய கைக்கு உடனே பிடிபடுவது, முதன்முதலாக மொட்டை மாடியில் தொட்டி வைத்தவருக்குப் பிடிபட ஒரு பருவமாவது ஆகும். காம்புக்கு அருகே, கண்ணில் படாத ஓரத்தில் மட்டும் நகம் வைப்பது பாதிச் சமாதானம்.

பறிக்கப் பறிக்கக் காய்க்குமா

மூன்று அளவுகோலும் காயைப் பார்க்கின்றன. கொடியைப் பார்க்கும் பார்வை தனி. ஒரு காய் முற்றவிட்டால் கொடி ஓய்ந்துவிடும், பறித்துக்கொண்டே இருந்தால் காய்த்துக்கொண்டே இருக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. ஆய்வும் பெரும்பாலும் இதை ஆதரிக்கிறது. 1934-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மக்காலம் வெள்ளரியில் நடத்திய ஆய்வு, விதை வளர்ந்துகொண்டிருக்கும் காய் கொடியின் வளர்ச்சியையும் அடுத்த காய்களையும் அடக்குவதைப் பதிவு செய்தது. விதை வளரும்போது இலைகள் உண்டாக்கும் உணவில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வதும், அதிலிருந்து வரும் வளர்ச்சி ஊக்கிகள் பின்வரும் பூக்களைத் தடுப்பதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

இலைக்குள் மறைந்து முற்றிய ஒரே ஒரு சுக்கினி செடியின் காய்ப்பைக் குறைத்துவிடும் என்பதால்தான், அந்தப் பயிரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தேடிப் பறிக்கச் சொல்கிறார்கள். காலதாமதம் பழ ஈக்கும் வசதி. கொடியில் காய் எத்தனை நாள் தொங்குகிறதோ அத்தனை நாள் அதற்கு முட்டையிட இடம்.

ஆனால் இந்த வட்டாரத்தில் கொடி ஓய்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நீண்ட பகலும் கடும் வெப்பமும் சேர்ந்தால் கொடிக்காய் இனங்களில் ஆண்பூ பெருகி, பெண்பூ குறையும். குறும்பகலும் குளிர்ச்சியும் பெண்பூவுக்கு ஏற்றவை. பெண்பூவைக் கூட்ட, விதைத்த 10–15 நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை என நான்கு முறை, 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி எத்ரல் கலந்து தெளிக்க வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. பங்குனிக்குப் பிறகு காய்ப்பு நின்றுபோனால், பறிக்கத் தவறியதுதான் காரணம் என்று வீட்டுப் பெண்களைக் குறை சொல்வது பொருத்தமாகாது. அப்போது எவ்வளவு ஒழுங்காகப் பறித்தாலும் காய்ப்பு பழையபடி திரும்பாமல் போகலாம்.

எந்த நேரத்தில் பறிப்பது என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. இரவில் நீர் ஏறித் திரண்ட காயை வெயில் ஏறுமுன் பறித்தால் வாடுவது தாமதமாகும். பொழுது சாய்ந்தபின் செடியில் கை வைக்கக் கூடாது என்ற வழக்கமும் இதற்கு ஒத்துப்போகிறது. கையால் இழுக்காமல் அரிவாளாலோ கத்தியாலோ காம்போடு அறுப்பது வேருக்கும் கொடிக்கும் நல்லது.

கசப்பு: அளவுகோலை மீறும் எச்சரிக்கை

பறிக்கும் நாளைச் சரியாகத் தேர்ந்தால் கசப்பைத் தவிர்க்கலாம் என்று ஒரு கருத்து. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

கொடிக்காய் இனத்தின் கசப்புக்குக் குக்கர்பிட்டாசின் என்னும் சேர்மங்கள் காரணம். வளர்ப்பு ரகங்களில் இவை மிகக் குறைவு. வறட்சி, கடும் வெப்பம் போன்ற நெருக்கடிகளில் கூடலாம். சமைப்பதால் இவை அழிவதில்லை. டில்லியில் கசப்பான சுரைச் சாறு குடித்து உயிரிழப்பு ஏற்பட்டதைத் தொடர்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 2012-இல் குழுமத்தின் ஆய்விதழில் வெளியானது. சாறு எடுக்குமுன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் எறிந்துவிட வேண்டும், குடித்தபின் வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு முறிமருந்து இல்லை. 2015-இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்தார். அந்த ஆண்டின் கடும் கோடையும், வீட்டில் சேர்த்த விதையில் பழைய கசப்புக் குணம் திரும்பியிருக்கலாம் என்பதும் அப்போது பேசப்பட்டன.

இரண்டாவது காரணம் நம் வேலிகளுக்கும் பொருந்தும். பேய்ப்பீர்க்கும் நல்ல பீர்க்கும் ஒரே இனம். வேலியில் பேய்ப்பீர்க்கு படர்ந்திருந்தால் வண்டு மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். மகரந்தம் சேர்ந்த அதே காய் கசக்காது. அந்தக் காயின் விதையை அடுத்த வருடம் ஊன்றினால் கசப்புக்கொடி முளைக்கலாம். அந்தக் கொடியின் காயைப் பிஞ்சில் பறித்தாலும் முற்றிப் பறித்தாலும் கசக்கும். இங்கே பறிக்கும் நாளுக்கு எந்தப் பங்கும் இல்லை.

வெள்ளரியின் தலையை வெட்டி, வெட்டிய துண்டால் தேய்த்து நுரை எடுக்கும் வழக்கம் வீடுதோறும் உண்டு. கசப்பு காம்பு முனையிலும் தோலை ஒட்டியும் கூடுதலாக இருப்பதால் தலையை வெட்டி எறிவதில் பொருள் இருக்கிறது. தேய்ப்பதால் மிச்சக் கசப்பு இறங்கிவிடும் என்று நம்பி, கசக்கும் சுரையையோ பீர்க்கையோ சமைக்கக் கூடாது. இயல்பிலேயே கசக்கும் பாகலும், அடுத்துப் பேசப்போகும் அதலையும் வேறு வகை. அவற்றின் கசப்பு உண்ணும் கசப்பு.

அதலைக்காய்: காத்திருக்காத காய்

இவ்வளவு நேரம் பேசியது ஊன்றி வளர்க்கும் கொடிகளைப் பற்றி. கரிசல் மண்ணுக்கே உரிய அதலை இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. மொமார்டிகா சிம்பலேரியா என்று தாவரவியலில் வழங்கும் இது பாகலின் நெருங்கிய உறவு. முன்பு பீர்க்கு இனத்தோடு வைத்துப் பெயரிட்டிருந்தார்கள். மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கும். கோடை முழுக்க அது உறங்கி, ஐப்பசி மழையில் தானாகக் கொடி ஓட்டும். பருத்திக்கும் கம்புக்கும் மல்லிக்கும் நடுவே களையாகப் படர்ந்து காய்க்கும். களையெடுக்கப் போகிறவர்கள் மடியில் சேர்த்து வருவார்கள். மிஞ்சியது அருப்புக்கோட்டை, விருதுநகர்ச் சந்தைகளுக்கு வரும். ஓர் அங்குலத்துக்குள் அடங்கும், வரம்பு ஓடிய, இரு முனையும் கூம்பிய சின்னக் காய். இரு பக்கமும் கிள்ளி, வெங்காயம் போட்டு எண்ணெயில் நன்றாக வதக்கி, கொஞ்சம் புளி விட்டு இறக்குவார்கள். பாகற்காயோடு ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, அதலையில் கால்சியம், பொட்டாசியம், வைட்டமின் சி, நார்ச்சத்து ஆகியவை நிறைந்திருப்பதாகச் சொன்னது.

அதலை முற்றினால் வெடிக்கும். கொடியில் வெடிப்பது மட்டுமன்று. பறித்து முறத்தில் போட்டு வைத்த காயும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பிளந்து விதையைக் காட்டும். இதனால்தான் இது வட்டாரத்தைத் தாண்டி அதிகம் பயணப்படவில்லை. மேலே சொன்ன அளவுகோல்கள் எதுவும் இங்கே சரியாகப் பொருந்துவதில்லை. கொடியை ஊன்றியவர் யாரும் இல்லாததால் பூக்கணக்கு கிடையாது. இளசுக்கும் முற்றலுக்கும் நீள வேறுபாடு மிகக் குறைவு. நூற்றுக்கணக்கான காய்களில் ஒவ்வொன்றாக நகம் வைக்கவும் முடியாது. பறிப்பவர்கள் அடர்பச்சையையும் வரம்பின் விறைப்பையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்கிறார்கள். வெளிறிய காயை விட்டுவிடுகிறார்கள். மிஞ்சினால் மோரில் ஊறவைத்துக் காயப்போட்டு வத்தலாக்குவது, வெடிப்பதை முந்திக்கொள்ளும் வழி. சுக்காங்காயையும் மிதுக்கங்காயையும் வத்தல் போடுவதும் இதே கைப்பழக்கம்தான். எப்போது பறிப்பது என்ற நெருக்கடியை, பறித்தபின் என்ன செய்வது என்ற கேள்வியால் தீர்த்துக்கொண்டது கரிசல் அடுக்களை.

விதைக்கு விடும் காய்

முற்றவிடுவதை எல்லாரும் தவறாகக் கருதினால் அடுத்த ஆண்டுக் கொடி ஏது? விதைக்கு விடுகிறவர்களிடையே முதல் காயையே விட வேண்டும் என்பவர்களும், நடுக்கொடிக் காயை விட வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். முதல் காய்க்குச் சார்பாகச் சொல்வது, முந்திக் காய்க்கும் குணம் விதையில் தங்கும் என்பது. ஒரே கொடியில் எந்தக் காயை எடுத்தாலும் தாய்வழிக் குணம் ஒன்றுதான். அதனால் கொடிகளுக்குள் எது முந்திக் காய்த்தது என்று பார்த்துத் தேர்வதுதான் அந்த நோக்கத்துக்கு உதவும். முதல் காயையே விட்டால் பின்வரும் காய்ப்பு குறையும் என்ற இழப்பும் இருக்கிறது. முதல் நாலைந்து காய்களைச் சமையலுக்குப் பறித்துவிட்டு, கொடி திடமாக இருக்கும் நடுப்பருவத்தில் ஒன்றிரண்டை விடுவது இரு தரப்புக்கும் இடையிலான வழி. சுரை விதை முழுமையாக முற்ற ஏறத்தாழ இரண்டு மாதம் கொடியில் இருக்க வேண்டும். தண்ணீர் அதுவரை தாங்குமா என்று மாசியிலேயே கணித்துக்கொள்வது நல்லது.

தீர்ந்தவையும் தீராதவையும்

இதுவரை பார்த்ததில் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வறண்ட நிலத்து வீட்டுக் கொடியில் நீளம் நம்பத்தக்க அளவுகோலாக இல்லை. பூ விரிந்த நாளைக் குறித்துவைத்து, அதைப் பருவத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்து, கடைசியில் விரலைக் கேட்பது பிற வழிகளைவிடச் சரியாக வருகிறது. சந்தேகம் வந்தால் சமையலுக்கு ஒருநாள் முன்னதாகப் பறிப்பதில் நட்டம் சிறிது. பின்தங்கினால் காயும் போய்க் கொடியின் காய்ப்பும் குறையும். சுக்கினியை இங்கே வளர்க்க நினைப்பவர் ஐப்பசி முதல் தை வரையுள்ள குளிர்ச்சியை நம்பலாம். கோடைக்கு நம் ஊர்ப் பீர்க்கும் பாகலும் பொருத்தமானவை.

தீராதவையும் உள்ளன. தண்ணீர் குறைந்த கொடியில் காய் சிறுப்பதற்கும் விதை முற்றுவதற்கும் உள்ள இடைவெளி எத்தனை நாள் என்பது ரகத்துக்கு ரகம் மாறக்கூடியது; கழுவு நீரில் வளரும் கொடிகளில், மாதவாரியாகப் பார்த்துத்தான் இதைச் சொல்ல முடியும். அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிர்களை அறிந்த அந்த நிலையம் வீட்டுக் கொடிகளுக்கும் ஒரு பறிப்பு அட்டவணை தந்தால் பல அடுக்களைகளுக்கு உதவும். அதலையில் எவ்வளவு பறித்தால் அடுத்த ஆண்டுக்கு விதை மிஞ்சும் என்பது இன்னொரு திறந்த கேள்வி. ஆழ உழவும் களைக்கொல்லியும் பரவும் நிலத்தில், பறிப்பைவிட அவை அதற்குப் பெரிய ஆபத்தாக இருக்கக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: உழவில் அதலைக் கிழங்கு பெயர்ந்து வந்தால் எறிந்துவிடாமல் வரப்போரத்தில் புதைத்து வையுங்கள், அடுத்த மழையில் அது மறுபடி கொடி ஓட்டும்.